இரண்டாவது புள்ளி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது; இல்லாவிட்டால் திண்டுக்கல்லில் என்னோடு வேலை பார்த்த யாராவது சொல்லிவிடுவார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன். ஊசியைக் கண்டதும் கையை இழுத்துக்கொள்ளும் ஆம்பளைகளை, "பிள்ள பெத்தவளே சும்மா உக்காந்திருக்கா, உங்களுக்கு என்ன?" என்று கேட்டு அடக்கியிருக்கிறேன். குழாயில் பேர் எழுதாமல் ரத்தம் அனுப்பும் நர்சுகளை வராந்தாவில் நாலு பேர் பார்க்கவே பிடித்து வாங்கியிருக்கிறேன். ஒரு தப்பும் என் மேசையைத் தாண்டிப் போகாது என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு எப்படிப் போனது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

டவுனுக்குள் இருந்த நடுத்தர ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம். தொண்ணூறுகளின் பின்பாதியில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கென்று அங்கே ஒரு தனி அறை ஒதுக்கினார்கள். அதற்கு முன் கிழிந்த போர்வைகளைப் போட்டு வைத்திருந்த அறை. கதவில் என்ன எழுதுவது என்று ஒரு வாரம் பேசினார்கள். கடைசியில் வெறும் அறை எண்ணை மட்டும் எழுதினார்கள், வருகிறவர்களுக்குக் கூச்சமாக இருக்கக்கூடாது என்று. ஒரே மாதத்தில் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் தெரிந்துவிட்டது. என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் யாராவது, "மக எங்க வேல பாக்குது?" என்று கேட்டால், "லேப்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விடுவார்.

சோதனை பெரிய வித்தை இல்லை. ரத்தத்தைச் சுழற்றித் தெளியவைத்து, மேலே நிற்கும் மஞ்சள் நீரை எடுத்துச் சொட்டு விட வேண்டும். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு, நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் மூன்று இடம். மேலே இளஞ்சிவப்புப் புள்ளி வந்தால், சோதனை கிட் கெட்டுப்போகவில்லை என்று அர்த்தம். கீழே இடப்பக்கம் புள்ளி வந்தால் எச்.ஐ.வி.யில் ஒன்றாம் வகை. வலப்பக்கம் வந்தால் இரண்டாம் வகை. கீழே ஒன்றுமே வராவிட்டால் வெளியே பெஞ்சில் இருப்பவர் தப்பித்தார். புள்ளி வந்துவிட்டால், வேறு இரண்டு கிட்டுகளில் மறுபடி பார்ப்போம். அவை உண்டு, இல்லை என்று மட்டும்தான் சொல்லும். எந்த வகை என்று சொல்லாது.

வகையைப் பற்றி நாங்களும் கவலைப்படவில்லை. அப்போது எங்களிடம் மருந்தே கிடையாது. ஒன்றானால் என்ன, இரண்டானால் என்ன, கொடுப்பதற்குச் சத்து மாத்திரையும் ஆறுதலும்தான் இருந்தன. வந்ததெல்லாம் பெரும்பாலும் இடப்பக்கப் புள்ளிதான். அபூர்வமாக இரண்டும் சேர்ந்து சிவக்கும். ஒன்றாம் வகை பலமாக இருந்தால் பக்கத்துப் புள்ளியும் ஏமாந்து நிறம் காட்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் வலப்பக்கத்தை ஒரு பொருட்டாகப் பார்க்கும் பழக்கமே எங்களுக்கு வரவில்லை.

இன்னொரு பழக்கம் வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் முதலில் ஆண்தான் வருவார், உடம்பு முடியாமல் போய். அவருக்கு இருக்கிறது என்று தெரிந்த பிறகு மனைவியை வரச் சொல்வோம். பதிவேட்டில் அவர் வரிக்குக் கீழ் வரி அவளுடையது. ஊர், தெரு, வீட்டு எண் எல்லாம் அவருடையதுதான் என்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு சின்னக் கோடு போட்டு 'மேற்படி' என்று விட்டுவிடுவோம். முடிவுக் கட்டத்திலும் அதே கோடுதான். அவருக்கு எப்படியோ அவளுக்கும் அப்படி. வேலை மிச்சம் என்பது ஒரு காரணம். அவள் பேருக்கு நேராக அந்த வார்த்தையை இன்னொரு தடவை எழுதக் கை வராது என்பது இன்னொரு காரணம். அதை ஒரு இரக்கம் என்றே நினைத்திருந்தோம்.

அகரம் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தது இரண்டாயிரத்தை ஒட்டி. அவர் லாரி டிரைவர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கும், சீசனில் பம்பாய்க்கும் போய் வருகிறவர். முதலில் அவருக்குப் பார்த்தோம், இடப்பக்கப் புள்ளி. அடுத்த வாரம் அவளை அழைத்து வந்தார். முப்பதைத் தாண்டாத வயது. சொந்தப் பூந்தோட்டத்தில் பூ பறிக்கிற கை. நரம்பு தேட வேண்டிய வேலையே இல்லை. ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கும் இருக்குமாக்கா?" என்று கேட்டாள்.

"பாத்துட்டுச் சொல்றேன். செத்த நேரம் வெளிய இரு."

கரண்ட் போயிருந்தது. ஜன்னல் பக்கம் தட்டை நகர்த்திப் பார்த்தேன். புள்ளி இருந்தது. மனசு சங்கடப்பட்டது. மற்ற இரண்டு கிட்டிலும் வந்தது. பதிவேட்டை எடுத்து, அவர் வரிக்குக் கீழே கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்து, முடிவுக் கட்டத்திலும் போட்டேன்.

அந்தப் புள்ளி எந்தப் பக்கம் இருந்தது? இதை எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். வலப்பக்கம் இருந்ததாகத்தான் இன்று என் கண் சொல்கிறது. ஆனால் பின்னால் தெரிந்துகொண்டதை வைத்துக் கண் இப்போது இட்டுக்கட்டுகிறதோ என்னவோ. பார்த்தும் எழுதாமல் விட்டேனா, பார்க்கவே இல்லையா, இரண்டில் எது பெரிய தப்பு என்றும் எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு வராந்தாவில் நடந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. விஷயத்தைக் கேட்டதும் அவர் அவள் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட வந்திருந்த அவருடைய அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள். "நான்தான் தாயி, நான்தான் கொண்டாந்துட்டேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் அழவில்லை. அவர் தலைக்கு மேலாக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய பெண் குழந்தைக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அதற்கும் ரத்தம் எடுத்தோம். இல்லை என்று வந்தது. அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

அவர் லாரியை விட்டார். குடியையும் விட்டார். பூந்தோட்டத்தை மனைவி பேருக்கு எழுதிவைத்தார் என்றும் கேள்விப்பட்டேன். இரண்டு பேரும் மாதம் ஒருமுறை வருவார்கள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருந்தார், அவள் திடமாக இருந்தாள். பெண்களுக்குப் பலம் அதிகம் என்று நான் அவரைக் கேலி செய்ததுண்டு.

நாலைந்து வருடம் கழித்து இலவச மாத்திரை வந்தது. ஆரம்பத்தில் மதுரைக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை, காலையும் இரவும். எழுந்து நடக்க முடியாமல் தூக்கி வந்தவர்கள் மூன்றாம் மாதம் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். ஜெபத்தில் இல்லாத நம்பிக்கை எனக்கு அந்த மாத்திரையில் வந்தது. அவருக்கும் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் அவளுக்கும் உடம்பைக் காக்கிற வெள்ளணுக்களின் கணக்கு இறங்கத் தொடங்கியதால் அவளுக்கும் அதே மாத்திரை. ஒரே டப்பாவில் இரண்டு பேர் மாத்திரையும் இருக்கும். ஒரே நேரத்தில் சாப்பிடுவார்கள்.

அவர் தேறினார். கன்னத்தில் சதை வைத்தது, மீசையை முறுக்க ஆரம்பித்தார். அவள் முதல் ஆறு மாதம் கொஞ்சம் தெளிந்து, பிறகு இறங்கினாள். காய்ச்சல், வாயில் புண், நிற்காத வயிற்றுப்போக்கு. வெள்ளணுக் கணக்கு ஒவ்வொரு தடவையும் முந்தின தடவையைவிடக் கீழே. மாத்திரை சரியாகச் சாப்பிடாதவர்களுக்குத்தான் இப்படி ஆகும் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் டாக்டர் பொறுமைசாலி, அவரே ஒரு நாள் குரலை உயர்த்திவிட்டார். நான் சும்மா இருப்பேனா?

"ஏம்மா, அவரும் அதே மாத்திரதான திங்கிறாரு? உனக்கு மட்டும் என்ன கேடு? வாங்கிட்டுப் போயி பூச்செடிக்கு உரமாப் போடுறியா?" என்று, வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது கேட்டேன்.

"சத்தியமா முழுங்குறேன்க்கா. ஒரு வேள தப்புனதில்ல."

"நாந்தான் மேடம் எடுத்துக் குடுக்கேன்" என்றார் அவர். "வாயத் தொறந்து காட்டச் சொல்லிக்கூடப் பாத்துட்டேன். முழுங்கத்தான் செய்றா."

நான் நம்பவில்லை. கணவன் மனைவிக்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அவள் எலும்பும் தோலுமாக நின்று என் திட்டைக் கேட்டுக்கொண்டாள். மகள் ஒன்பதாவது படிக்கிறாள், பத்தாவது முடிக்கிற வரைக்குமாவது இருந்தால் போதும் என்று போகும்போது சொன்னாள். இருக்க ஆசைப்படுகிறவள் ஒழுங்காக மாத்திரை சாப்பிடட்டுமே என்று அதற்கும் ஒரு சொல் சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்த வருடம்தான் சென்னையில் மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கும் வகுப்பில், என்னைவிடச் சின்னவளாக ஒரு பெண் வந்து, உலகப் படம் ஒன்றைத் திரையில் போட்டாள். நாட்டுக்கு நாடு வேறு வேறு நிறம். எச்.ஐ.வி. என்று நாம் ஒரே பேரில் சொல்வது ஒன்றே அல்ல என்றாள். ஒன்றாம் வகைக்குள்ளேயே ஏகப்பட்ட கிளைகள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 'பி' என்ற கிளை. தாய்லாந்துப் பக்கம் இரண்டு கிளை கலந்த ஒன்று. தென் ஆப்பிரிக்காவிலும் நம் நாட்டிலும் 'சி'. நம் நாட்டு 'சி' எல்லாம் ஒன்றுக்கொன்று நெருங்கின சொந்தமாக இருப்பதால், எங்கிருந்தோ ஒன்றிரண்டு தடவை உள்ளே வந்து, பிறகு இங்கேயே பெருகியிருக்க வேண்டும் என்றாள்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒட்டன்சத்திரத்தில் ஊருக்கு ஒரு கத்திரிக்காய் வந்து இறங்குமே, நிறமும் வரியும் வைத்தே எந்த ஊர்க் காய் என்று தரகர்கள் சொல்வார்களே, அதுபோலக் கிருமிக்கும் ஊர் இருக்கிறது என்பது எனக்குப் புதிதாக இருந்தது. எங்கள் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையை நினைத்துக்கொண்டேன். அதில் போகிற லாரிகள், டீக்கடைகள், புளியமர நிழல்கள், அங்கே காத்திருந்த பெண்கள். எங்கேயோ ஒரு நாட்டில் பிறந்த ஒன்று யார் யார் உடம்பையோ வண்டியாக வைத்துக்கொண்டு அகரம் வரைக்கும் வந்திருக்கிறது. படத்தில் இந்தியா முழுவதும் ஒரே நிறம். ஆனால் கிருமி நாட்டுக்கு நாடு போவதில்லை, ஆளுக்கு ஆள்தான் போகிறது.

இத்தனை கிளை எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டார். இந்தக் கிருமி தன்னைத் தானே பிரதி எடுத்துத்தான் பெருகுகிறது, எடுக்கும்போதெல்லாம் தப்பும் தவறுமாக எடுக்கிறது, அந்தத் தப்புகள் சேர்ந்து சேர்ந்துதான் இத்தனை ரகம் என்று அந்தப் பெண் சொன்னாள். பிறகு படத்தில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையைக் காட்டினாள். இரண்டாம் வகையின் பிறப்பிடம் இது, என்றாள். ஒன்றாம் வகை வந்தது வேறு குரங்கிடமிருந்து, இது வந்தது வேறு குரங்கிடமிருந்து. மெதுவாகத்தான் ஆளைத் தின்னும். நம் நாட்டில் மேற்கிலும் தெற்கிலும் குறைவாக இருக்கிறது. "ஒரு விஷயம் முக்கியம்" என்றாள். "இலவசமாகக் கொடுக்கிற மாத்திரையில் இருக்கும் மூன்று மருந்தில் ஒன்று, இரண்டாம் வகையிடம் பலிக்கவே பலிக்காது. எத்தனை ஒழுங்காகச் சாப்பிட்டாலும் சரி, ஆள் தேறமாட்டார்."

எத்தனை ஒழுங்காகச் சாப்பிட்டாலும். அந்த இடத்தில் எனக்கு டிரைவர் மனைவியின் முகம் வந்தது. பிறகு கரண்ட் இல்லாத ஜன்னல் வெளிச்சம்.  பிரதி எடுக்கும்போது கிருமி தப்பு செய்கிறது. நான் தப்பே இல்லாமல் மேல் வரியைக் கீழே பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

ரயிலில் திரும்பி வரும்போது என் புத்தி போன இடத்தையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு ஒன்று, அவளுக்கு இரண்டு என்றால் அவரிடமிருந்து அவளுக்கு வரவில்லை. அப்படியானால் யாரிடமிருந்து? தேவமாதா சுரூபத்தின் முன் முழங்கால் போடுகிற நான், கைக்குழந்தையோடு எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டே, அந்த அகரத்துப் பெண்ணுக்கு ஆள் யார் என்று விழுப்புரத்திலிருந்து திருச்சி வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாளே பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கோடு. அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இனிமே எழுதுங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவளைத் தனியாக வரச் சொன்னேன். மறுபடி ரத்தம் எடுத்தேன். இந்த முறை நரம்பைத் தேட வேண்டியிருந்தது. தட்டில் மேலே ஒரு புள்ளி, கீழே வலப்பக்கம் ஒரு புள்ளி. இடப்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பெரிய லேபுக்கும் அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து அவர்களும் இரண்டாம் வகைதான் என்று எழுதினார்கள்.

அறைக் கதவைச் சாத்திவிட்டு அவளிடம் சொன்னேன். உனக்கு இருப்பது வேறு ஜாதிக் கிருமி, அதனால்தான் மாத்திரை கேட்கவில்லை, நீ ஒழுங்காகத்தான் சாப்பிட்டிருக்கிறாய், வேறு மாத்திரை இருக்கிறது, டாக்டர் ஏற்பாடு செய்கிறார். என் கோட்டைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் கதவைச் சாத்தினேன். வாய் நீளமுள்ளவளுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

 "அப்ப அவரு எனக்குக் குடுக்கலையாக்கா?" என்றாள்.

"இல்ல."

"வேற எப்புடி வந்துச்சு?"

அதை நீதான் சொல்ல வேண்டும் என்பதுபோல அவளைப் பார்த்திருப்பேன் போலிருக்கிறது. எப்போதாவது ஆபரேஷன் செய்தார்களா, ரத்தம் ஏற்றினார்களா என்று கேட்டேன், அவள் யோசித்துச் சொன்னாள். மகளுக்குப் பிறகு ஒரு பையன் பிறந்து, பிறந்த அன்றே இறந்துபோனான். தொண்ணூறுகளின் தொடக்கம். நிற்காமல் உதிரம் போய், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். யாரோ ஒரு ஆளைக் கூட்டிவந்து ரத்தம் எடுத்ததாகப் பிறகு வீட்டில் பேசிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் ரத்தம் விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். எல்லா ரத்தத்தையும் சோதித்துப் பார்த்துத்தான் ஏற்றினார்கள் என்று சொல்ல முடியாது. அதுதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அவள் சொல்லச் சொல்ல, ரயிலில் நான் யோசித்துக்கொண்டு வந்ததை நினைத்துக் குனிந்து, மேசையில் கிடந்த சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"இம்புட்டு வருசமும் அவரு தட்டுல சோறு போடுறப்ப மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் போட்டேன்" என்றாள். "ஒரு நாளு விடாம." அப்போதுதான் அவள் அழுது பார்த்தேன்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மாத்திரைய மாத்திக் குடுங்க. நான் இருக்கணும். ஆனா அவருகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க."

"ஏம்மா? பாவம், அவரு தன்னாலதான்னு..."

"தெரியும்க்கா. அவருகிட்டப் போயி, 'நீங்க குடுக்கல'ன்னு நான் சொன்னா, அடுத்து என்ன கேப்பாரு? அவரு கேக்காட்டியும் எங்க அத்த கேக்கும். ரத்தம் ஏத்துனதுன்னு சொன்னா யாரு நம்புவா? நீங்களே மொதல்ல நம்பல. ஒங்க மொகத்தப் பாத்தேன்ல."

 அவளே தொடர்ந்தாள். "தன்னால வந்துச்சுன்னு அவரு நெனைக்கிறதுனாலதான் அந்த வீட்ல எனக்கு ஒரு எடம் இருக்கு. எம்மகளுக்கும் இருக்கு. அத எடுத்துறாதீங்க."

டாக்டரிடம் கேட்டேன். நோயாளி வேண்டாம் என்றால் வேண்டாம்தான், சொல்வதும் சொல்லாததும் அவள் உரிமை என்றார். புது மாத்திரை இலவசமாகக் கிடைக்காத நேரம் அது. அவர் யார் யாருக்கோ கடிதம் எழுதி, போன் போட்டு, எப்படியோ வரவழைத்தார். முதல் மாத்திரை பலிக்காததால் அடுத்த கட்ட மாத்திரை என்று கணவனிடம் சொன்னோம். தேறுவாள் என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. ரொம்பத் தாமதமாகிவிட்டது என்றார். இரண்டு மாதம் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாம் மாதம் வெள்ளணுக் கணக்கு ஏறியிருந்தது, கொஞ்சம்தான். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு சோதனை அறைக்குள் தனியாக நின்று அழுதேன். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் ஏறியது. மகள் பத்தாவது எழுதினாள், பன்னிரண்டாவதும் எழுதினாள்.

பதிவேட்டில் கோடு போடுவதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் ஊர், தெரு, முடிவு, வகை, எல்லாவற்றையும் முழுசாக எழுதினேன். புதிதாகச் சேர்ந்த பெண்கள் இந்த அக்காவுக்கு வேறு வேலை இல்லை என்று சிரித்தார்கள்.

இது இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். ஒரு நாள் அவள் எடை பார்க்கும் வரிசையில் நிற்கும்போது அவர் மட்டும் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும். மதுரையில வரிசையில நின்னப்ப ஒரு ஆளு சொன்னாரு. இதுல ரெண்டு சாதி இருக்காமே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அவ சாப்புடுற மாத்திர அந்த ரெண்டாவது சாதிக்குக் குடுக்குறதாமே. எனக்கு ஒண்ணாவது, அவளுக்கு ரெண்டாவதுன்னா..." கதவுப் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "நான் அவளுக்குக் குடுக்கலன்னுதான மேடம் அர்த்தம்?"

அவர் முகத்தில் சந்தேகம் இல்லை. அப்படியானால் யார் என்ற கேள்வி அந்த முகத்தில் எங்குமே இல்லை. நான் தேடிப் பார்த்தேன். அங்கே இருந்தது வெறும் ஆசை மட்டும்தான். ஆனால் முகத்தை நம்பி அவளுடைய இடத்தைப் பணயம் வைக்க எனக்கு உரிமை இல்லை. டாக்டரைக் கேளுங்கள், அவளையே கேளுங்கள் என்று தள்ளிவிட்டிருக்கலாம். அப்படித் தள்ளுவதே பதிலாகிவிடும். ஆமாம் என்று சொன்னால் அடுத்தது, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அதற்கு நான் பதிவேட்டைத் திறந்து காட்ட வேண்டும். இதுவும் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"அதெல்லாம் இல்லைங்க" என்றேன். "மொத மாத்திர கேக்காதவங்க எல்லாருக்கும் இதத்தான் குடுப்பாங்க. ரெண்டு பேருக்கும் இருக்கறது ஒண்ணுதான்."

அவர் தலையாட்டினார். "சரிங்க மேடம். எனக்குத் தெரியும், நாந்தான்னு. சும்மா ஒரு ஆசையில கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய், வரிசையில் நின்ற அவள் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அவர் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். கையில் வாழையிலையில் சுற்றின சம்பங்கி, கோயிலுக்குப் போட. "எம்பொண்டாட்டியப் பொழைக்க வச்சவங்க நீங்க. நான் பண்ணுன பாவத்துக்கு நீங்க பரிகாரம் பண்ணிருக்கீங்க" என்பார். வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும். என்னிடம் இருக்கிற காரணத்தைச் சொல்ல முடியாது. இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன்.